கபனுக்கு வைத்த பஞ்சு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சீனி வருத்தம், பிரசர், முழங்கால், மருமக்கள் என்று எல்லாவற்றையும் கதைக்கிறோம். பொறாமையை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அது சின்ன வயதில் வந்து போகிற சின்னமுத்து போல ஒன்று, நமக்கெல்லாம் எப்போதோ சுகமாகிவிட்டது என்று இருந்துவிடுகிறோம். எனக்குச் சுகமாகவில்லை. அறுபது வருடமாக என்னோடுதான் இருக்கிறது, ஐந்து நேரமும் என்னோடு தொழுகிறது. அது எந்தப் பருத்திப் போகத்தில் எனக்குப் பிடித்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போன பிறகு தங்களுடையதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

வண்ணாத்திவில்லுவிலிருந்து எலுவன்குளம் போகிற பாதையில், களப்புப் பக்கமாக இறங்கினால் எங்கள் காணி. சிவந்த மணல். பின்னேரமானால் களப்பிலிருந்து வருகிற காற்றில் உதடு உப்புக் கரிக்கும். வாப்பா அங்கே பருத்தி போட்டார். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை, அதனால் வாப்பாவுக்கு நான் ஒருத்திதான். சைக்கிளில் முன்னால் இருக்கும் கம்பி என்னுடையது. வாப்பா பாதி குடித்து வைக்கிற பிளேன்டீயின் மீதி என்னுடையது. அவர் நகம் வெட்டும்போது பக்கத்தில் குந்தியிருக்கிற உரிமைகூட எனக்குத்தான் இருந்தது.

அந்த வருடம் காடு வெட்டி எரித்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், கற்பிட்டியில் மாமி மவுத்தானார் என்று ஆள் வந்தது. மாமி வாப்பாவின் கூடப்பிறந்த ஒரே பொம்பிளை, புருசனை முன்பே இழந்தவர். களப்பைத் தோணியில் கடந்து போனோம். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம், கடையெல்லாம் பூட்டு. மய்யித்தைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றிக் கபனிடும்போது கற்பூரம் தடவிய பஞ்சு வைக்க வேண்டுமல்லவா, வீட்டில் இருந்த சின்னப் பொட்டணம் போதவில்லை. யாரோ ஒரு தலையணையைக் கிழித்து அதிலிருந்த இலவம் பஞ்சை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வாப்பா வாசலில் நின்று அதைப் பார்த்தார். பொடிப்பொடியாக, மங்கலாக, இலவங்கொட்டைகளோடு இருந்த பஞ்சு.

திரும்பி வரும்போது தோணியில் மூன்று பேர் இல்லை, நான்கு பேர். மாமியின் மகள், என்னைவிட எட்டு மாதம் இளையவள், துணிப் பையொன்றை மடியில் வைத்துக்கொண்டு வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நடுவில் இருந்தாள். அது நான் இருக்கிற இடம். நான் தோணிக்காரரின் பக்கத்தில் ஈரப் பலகையில் இருந்தேன்.

"சாக்குச் சாக்காப் பஞ்சு ஏத்துறவன் நான்" என்றார் வாப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "என்ட கூடப் பொறந்தவள தலகாணிப் பஞ்சு வெச்சி அனுப்பினன்."

உம்மா முந்தானையை இழுத்து அந்தப் பிள்ளையின் தலையில் போட்டார். முறைப்படி அவள் எனக்கு மச்சி, நான் அவளுக்கு மச்சி. இன்றைக்கும் இரண்டு பேரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், நாங்கள் பெயர் சொல்லிக்கொண்டதே இல்லை.

முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது தலையணையால். உம்மா என் தலையணையை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் பாயில் கையை மடித்து வைத்துப் படுத்தாள். மறுநாளும் அப்படியே. நான் அதைத் திருப்பி எடுக்கப் போனால் உம்மா விடவில்லை. "அவ எடுப்பா, கெடக்கட்டும்" என்றார். என் தலையணை யாருக்கும் உதவாமல் சுவரோடு கிடந்தது. பெருமைக்காரி, எங்கள் வீட்டுத் தலையணை அவளுக்குக் குறைச்சலாகத் தெரிகிறது என்று முடிவுகட்டினேன்.

மழை விழுந்தது. விதைப்பதற்கு முந்திய நாள், பருத்திக் கொட்டைகளைச் சாணித் தண்ணியில் போட்டுச் சாம்பல் சேர்த்துத் தேய்ப்போம். கொட்டையில் ஒட்டியிருக்கிற பஞ்சு மயிர் அடங்கினால்தான் ஒன்றோடொன்று சிக்காமல் கையில் எண்ணி எடுக்கலாம். முழங்கை வரைக்கும் சாணி மணக்கும். வாப்பா முன்னால் கம்பால் குழி குத்திக்கொண்டு போவார். பின்னால் நானும் மச்சியும் பிஸ்மி சொல்லி, குழிக்கு மூன்று கொட்டை போட்டு, காலால் மண் தள்ளி மூடுவோம். கடைசியில், வீட்டுப் பக்கமாக இரண்டு வரிசை மிச்சம் இருந்தபோது வாப்பா கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இது ரெண்டும் ஒங்க ரெண்டு பேருக்கும். ஆளுக்கொண்டு. நீங்களே பாத்து வளக்கணும். எந்த வரிசையில சுத்தமான பஞ்சு வருதோ, அத என்ட கபனுக்கு எடுத்து வெப்பம்."

"புள்ளைகளுக்கிட்ட கதைக்கிற கதையா இது" என்றார் உம்மா.

"என்ன புள்ள, எல்லாருக்கும் உள்ளதுதானே. கபன் துணிய வாங்கி வெச்சிக்கிட்டு இரிக்கிற ஆக்கள் இல்லையா. நான் பஞ்ச வெக்கிறன்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயமில்லை. நான் நினைத்தது ஒன்றுதான். வாப்பா ஒருநாள் மையவாடிக்குப் போவார், பொம்பிளைப் பிள்ளை நான் வாசலோடு நிற்க வேண்டும். ஆனால் என் பஞ்சு கூடப் போகும், மண்ணுக்குள்ளேயும் அவரோடு இருக்கும். அது என்னுடைய பஞ்சாகத்தான் இருக்க வேண்டும். இவளுடையதாக இருக்கவே கூடாது.

முளைத்து நாலு இலை விட்டதும் குழிக்கு ஒரு கன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். நான் பிடுங்கி எறிந்துவிட்டு வந்துவிட்டேன். மச்சி பிடுங்கிய கன்றுகளை எறியவில்லை. தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்து அதில் போட்டு, எங்கெங்கே முளைக்காத குழி இருந்ததோ அங்கே நட்டாள். பருத்திக் கன்று இடம் மாற்றினால் லேசில் பிழைக்காது. வாப்பா அதைச் சொல்லாமல், அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் இரண்டு பிழைத்தன. அந்த இரண்டையும் வாப்பா அந்தப் பக்கமாகப் போகிற ஆட்களுக்கெல்லாம் காட்டினார். என்னுடைய வரிசையில் இருபதுக்கு மேல் கன்றுகள் ஒழுங்காக நின்றன, ஒருவருக்கும் காட்டவில்லை.

ஒருநாள் அவளிடம் சொன்னார், "என்னயும் வாப்பான்டே கூப்பிடு மகள்." நான் கிணற்றடியில் வாளியோடு நின்றேன். அவள் தலை குனிந்தாள். அதற்குப் பிறகும் மாமா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் வாப்பா சொல்லிவிட்டாரே. சொன்னது சொன்னதுதான்.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். செடிகள் இடுப்பளவு வந்திருந்தன. வாப்பா சந்தைக்குப் போன ஒரு காலையில் நான் மச்சியின் வரிசைக்குள் இறங்கி, ஒவ்வொரு செடியின் குருத்தையும் நுனிவிரலால் கிள்ளிப் போட்டேன். ஒன்றையும் விடவில்லை. பச்சைச் சாறு நகத்தில் ஒட்டியது. குருத்துப் போனால் செடி செத்துவிடும் என்பது என் அறிவு.

செத்ததா? ஒரு கிழமை முகம் வாடி நின்றது. பிறகு ஒவ்வொரு கணுவிலிருந்தும் கிளை வெடித்தது. என் செடிகள் ஒற்றைக் காலில் உயர்ந்து போய்க்கொண்டிருக்க, அவளுடையவை நாலு பக்கமும் பரந்து, கிளைக்குக் கிளை மொட்டு வைத்தன. வாப்பா வரிசையில் குந்தி, கிள்ளிய தழும்புகளைத் தடவிப் பார்த்தார்.

"கற்பிட்டிப் புள்ளதானே" என்றார் உம்மாவிடம். "பொகயிலத் தோட்டத்தில குருத்துக் கிள்ளுறதப் பாத்து, அந்த வேலய இதுக்கும் செஞ்சிரிக்கி. எனக்கே இது தோணல்ல பாருங்க."

"நான் கிள்ளல்ல மாமா" என்றாள் மச்சி.

"இல்லன்டு சொல்ற அடக்கத்தப் பாருங்க" என்றார் வாப்பா.

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சும்மா பார்த்தாள். என் நகத்தை நான் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன், எத்தனையோ கிழமைக்கு முந்திய சாறு இன்னும் அங்கே இருக்கிற மாதிரி.

பருத்திப் பூவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விடிய விரியும்போது வெண்ணெய் நிறம், மறுநாள் ரோஸ், அதற்கு அடுத்த நாள் சுருண்டு விழுந்துவிடும். அவளுடைய வரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு நிறமும் நிறைந்து நின்றது. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டேன். சோற்றை உருட்டிக்கொண்டே இருப்பேன், இறங்காது. உம்மா வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்து அரைத்துத் தந்தார். கசப்பு ஒரு நாள் முழுக்க நாக்கில் இருந்தது, பொறாமை அப்படியே இருந்தது.

காய் முற்றி வாய் பிளக்கிற நேரத்தில்தான் சிவப்புப் பூச்சி வரும். கறுப்புப் புள்ளி போட்ட சிவப்பு, சோடி சோடியாக வால் ஒட்டிக்கொண்டு நடக்கும். அது காயைக் குத்தினால் உள்ளே இருக்கிற பஞ்சு மஞ்சளும் சிவப்புமாகக் கறைபட்டுவிடும். வாப்பா எங்கள் இருவருக்கும் வேலை தந்தார். காணியின் தூரத்து ஓரத்தில் அவை தலைகாட்டியிருக்கின்றன, மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் தட்டிப் பிடித்துவர வேண்டும். நான் சிரட்டையை வைத்துவிட்டு, மூடி உள்ள பழைய தகர ரின் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மண்ணெண்ணெய் விடவில்லை. இரண்டு நாள் பிடித்தேன். மூடியில் ஆணியால் துளை போட்டேன். காதில் வைத்தால் உள்ளே நூறு கால்கள் சுரண்டுகிற சத்தம் கேட்கும்.

ளுஹர் தொழுகைக்கு எல்லோரும் உள்ளே இருந்த நேரம், மச்சியின் வரிசையில் நடந்துகொண்டே அந்த ரின்னைக் கவிழ்த்தேன்.

பூச்சிக்கு இது மச்சியின் வரிசை, இது என் வரிசை என்று தெரியுமா? பத்து நாளைக்குள் வீட்டுப் பக்கமெல்லாம் சிவப்பு. வாப்பாவுக்கு விளங்கவில்லை, தூரத்து ஓரத்தில் இருந்தது எப்படி நடுவில் ஒன்றுமில்லாமல் வீட்டு வாசலுக்கு வந்தது என்று. விவசாயக் கந்தோரில் வேலை பார்க்கிற ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, குசினிக்குப் பின்னால் உம்மா போட்டிருந்த வெண்டிப் பாத்தியைக் காட்டினார்.

"வெண்டியும் பருத்தியும் ஒரே சாதி. பூச்சி அதிலதான் குடியிருக்குது. கழட்டி எரிச்சிடுங்க."

வெண்டி அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. கிணற்றிலிருந்து குடம் குடமாக அள்ளி ஊற்றி வளர்த்தவர் உம்மா. வாப்பா ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குவித்தார்.

"காய்க்கிற மரத்தையா" என்றார் உம்மா, கையில் அகப்பையோடு.

"வேற என்ன செய்ற, அவர் படிச்ச மனிசன்" என்றார் வாப்பா.

உம்மா ஒரு கிழமை வாப்பாவோடு கதைக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். நான் நடுவில் இருந்து சாப்பிட்டேன். ஒரு சொல்லில் நிறுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. உம்மா மவுத்தாகிறவரைக்கும் சொல்லவில்லை, அது இப்போதும் நெஞ்சில் நிற்கிறது.

மச்சி என்ன செய்தாள் தெரியுமா? விடியச் சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் சிரட்டையோடு இறங்கிவிடுவாள். அந்த நேரம் பூச்சிக்குக் குளிர் பிடித்திருக்கும், ஓடாது. காய்க்குக் காய் தட்டி எடுப்பாள். அவள் முடிக்க வெயில் ஏறிவிடும். நான் பாயில் படுத்துக்கொண்டு அவள் சிரட்டை தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எழும்பிப் போய் என் வரிசையைத் தட்டியிருக்கலாம். அவள் செய்கிறதை நானும் செய்வதா என்ற எண்ணம் விடவில்லை. அவள் வரிசையில் இடமில்லாத பூச்சியெல்லாம் என் வரிசைக்கு வந்து சேர்ந்தது.

பருத்தி எடுப்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது. பனி உலர்ந்திருக்க வேண்டும், ஆனால் வெயிலில் சருகு நொறுங்கத் தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பஞ்செல்லாம் தூள் ஒட்டிக்கொள்ளும். உம்மா எங்கள் இடுப்பில் வாப்பாவின் பழைய சாரத்தை மடியாகக் கட்டிவிட்டார். எடுத்து முடித்து இரண்டு பாயில் தனித்தனியாகக் கொட்டினோம். வாப்பா முதலில் என் பாயில் குந்தினார். ஒரு சுளையை எடுத்து இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். மஞ்சள். இன்னொன்று, செம்மஞ்சள் புள்ளி. இன்னொன்றும் அப்படியே.

"பரவால்ல மகள்" என்றார். "இது தலகாணிக்கி ஆகும்."

திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பிறகு மச்சியின் பாய்க்கு எழும்பிப் போனார். ஒரு கை பஞ்சை அள்ளி, கண்ணை மூடி முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடிக்கு ஓடினேன். அழுது முடிந்து வரும்போது கபனுக்கு அவளுடைய பஞ்சு என்று முடிவாகியிருந்தது. உம்மாவும் மச்சியும் இரண்டு நாள் இருந்து கொட்டை நீக்கி, பிரித்து, கற்பூரத் துண்டோடு பால்மா ரின்னில் அடைத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

என் பஞ்சில் உம்மா ஒரு தலையணை அடைத்தார். அதை மச்சிக்குக் கொடுத்தார். மாதக் கணக்கில் வெறும் கையில் படுத்தவள் அன்று அதில் தலையை வைத்துத் தூங்கினாள். பார்த்தீர்களா, என் பஞ்சும் அவளுக்கே போயிற்று என்று நான் புழுங்கினேன். கற்பிட்டியில் அன்றைக்குக் கிழித்தது அவளுடைய தலையணை, இலவம் பஞ்சைக் கண்டாலே அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு அடைத்தது என்று உம்மா சொன்னது எனக்குக் கலியாணமாகி, முதல் பிள்ளைக்கு மெத்தை தைக்கிற நேரத்தில்தான். பெரியவர்கள் யாருக்கும் அன்று அந்தத் தலையணை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஆனால் எனக்கு வேறு வேலை இருந்தது.

அதற்குப் பிறகு பருத்தி இரண்டு மூன்று போகம்தான். வாப்பா மரமுந்திரிக்கு மாறினார். நான் புத்தளம் டவுனுக்கு மருமகளாகப் போனேன். மச்சியைப் பக்கத்துக் காணியில் கொடுத்தார்கள். வாப்பா கடைசியாகப் பாயில் விழுந்த மூன்று மாதமும் அவள்தான் பார்த்தாள். நான் பஸ் பிடித்து வந்து வந்து போனேன். ஒருநாள் நான் தண்ணீர் பருக்கிக்கொண்டிருக்கும்போது, "ஒன்ட மச்சி எங்க?" என்று என்னிடமே கேட்டார். வாயைத் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு விட்டேன்.

அவர் மவுத்தான அன்று, குளிப்பாட்டி முடிகிற நேரம், உள்ளறை வாசலில் ஆண்கள் பஞ்சு கேட்டார்கள். நான்தான் முதலில் எழும்பினேன். அந்த ரின்னை எடுத்துக் கொடுக்கிற உரிமையாவது மகளுக்கு இருக்கட்டும் என்று. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது, கத்தி விட்டு நெம்பித் திறந்தேன். கற்பூரம் கரைந்து போயிருந்தது, மணம் மட்டும் இருந்தது. வெள்ளைவெளேரென்று பஞ்சு. அதற்குள் அங்கங்கே செம்மஞ்சள் புள்ளி போட்ட துணுக்குகள்.

பூச்சி பட்டிருக்கிறது, மச்சிக்குச் சுத்தமாக வைக்கத் தெரியவில்லை என்று எனக்குள் ஒரு சந்தோசம் ஓடியதை மறைக்க மாட்டேன். கறைத் துணுக்குகளைப் பொறுக்கி எறியத் தொடங்கினேன். மச்சி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எடுக்காத மச்சி. அத எடுத்தா ஒன்டது ஒண்டும் இரிக்காது."

எனக்கு விளங்கவில்லை.

"தலகாணி அடைக்கக்குள்ள ஒன்ட பஞ்சில ஒரு கை எடுத்து இதுல கலந்து வெச்சன். ஒன்ட உம்மாக்கும் தெரியா, மாமாக்கும் தெரியா."

"என்னத்துக்கு?"

"ஒன்ட வாப்பாதானே" என்றாள். "ஒன்டது இல்லாம எப்பிடி அனுப்புற?"

வாசலில் திரும்பவும் கூப்பிட்டார்கள். நான் எறிந்த துணுக்குகளை அவள் தரையிலிருந்து பொறுக்கி, ஊதி, ரின்னுக்குள் போட்டு என் கையில் தந்தாள். "நீ குடு" என்றாள். நான் கொடுத்தேன். கதவைச் சாத்தினார்கள்.

நான் அங்கேயே சுவரோடு இருந்து, நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாக அழுதேன். வாப்பாவுக்காக அழுகிறேன் என்று பொம்பிளைகள் முதுகைத் தடவினார்கள். வாப்பாவுக்காகவும்தான். ஆனால் உங்களிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? ஒன்பது வயதில் அவளுக்கு அது செய்யத் தோன்றியிருக்கிறது, எனக்கு ஒரு நாளும் தோன்றாது, அந்தப் பொறாமையில்தான் அப்படி அழுதேன்.